கோட்டுக்குக் கீழே உள்ள எண்

சென்ற கல்வியாண்டில், அரையாண்டுத் தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தபோது, என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

அவர்கள் ஊருக்கு மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் வண்டி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார் என்று, எந்தத் தொந்தரவும் இல்லாத அவள் அம்மாவும் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பத்து நாள் கழித்து, "சந்தேகமாக இருக்கிறது, மேல்பரிசோதனைக்கு வாருங்கள்" என்று தகவல் வந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. கல்லூரி முதலாண்டு படிக்கும் அக்காவுக்கு உடனே மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று பாட்டி பேச ஆரம்பித்துவிட்டார். அம்மாவோ, "எல்லாம் முடிஞ்சு போச்சு, இனி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு காசைக் கரைக்க வேண்டாம்" என்று மேல்பரிசோதனைக்குப் போகவே மறுத்துவிட்டார்.

சொல்லி முடித்த பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"டீச்சர், அந்த மெஷின் நூத்துக்குத் தொண்ணூறு சரியா சொல்லும்னு சித்தப்பா போன்ல பார்த்துச் சொன்னாரு. அப்போ அம்மாவுக்கு நூத்துக்குத் தொண்ணூறு அந்த வியாதி இருக்குன்னுதானே அர்த்தம்?"

பதினேழு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் நிகழ்தகவுப் பாடம் நடத்துகிறேன். ஆனாலும் அந்த நிமிடத்தில் என் மனதில் வந்த பதில் "ஆமாம்" என்பதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. "தைரியமா இரும்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கணக்கு ஆசிரியையிடம் கணக்குக் கேட்டு வந்தவளுக்கு நான் கொடுத்தது வெறும் ஆறுதல். அன்று இரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் என் மனதில் வந்த பதில் தவறு என்பது புரிந்தது.

ஆயிரம் பேரை வரைந்தோம்

மறுநாள் வகுப்பில், யாருடைய பெயரையும் குடும்பத்தையும் குறிப்பிடாமல், ஒரு கணக்காக இதை எடுத்தேன். மேமோகிராம் பற்றிப் பாடம் சொல்லும்போது வழக்கமாகப் பயன்படுத்தப்படும் எண்கள் இவை: பரிசோதனைக்கு வரும் பெண்களில் 1 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்கு "சந்தேகம்" என்று முடிவு வரும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குத் தவறாகச் "சந்தேகம்" என்று வரும். இடத்துக்கும் வயதுக்கும் ஏற்ப இந்த எண்கள் கூடவும் குறையவும் செய்யும். கணக்கின் வழி மாறாது.

சதவீதங்களை அப்படியே கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு விழித்தது. ஆகவே சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, "நம்ம வட்டாரத்தில் 1,000 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தேன். வரைபடத்தாளில் 1,000 கட்டங்களைக் கோடிட்டுப் பிரித்தோம்.

ஆயிரத்தில் 1 சதவீதம் என்பது 10 பேர். அவர்களுக்கு நோய் இருக்கிறது. 10 கட்டங்களுக்குச் சிவப்பு. அந்தப் பத்தில் 9 பேருக்குச் "சந்தேகம்" என்று வரும்; அந்த 9 கட்டங்களைச் சுற்றி வட்டம். மீதி 990 பேருக்கு நோய் இல்லை. அவர்களில் 9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 89 பேர். அவர்களுக்கும் வட்டம்.

"இப்போது வட்டம் போட்ட கட்டங்கள் எத்தனை?"

"98, டீச்சர்."

"அதில் சிவப்பு எத்தனை?"

"9."

சற்று நேரம் வகுப்பில் பேச்சில்லை. சந்தேகம் என்று சொல்லப்பட்ட 98 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 9 பேர்தான். ஏறத்தாழ பதினொரு பேரில் ஒருவர். தொண்ணூறு சதவீதம் எங்கே, ஒன்பது சதவீதம் எங்கே!

இரண்டு பின்னங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். நோய் உள்ளவர்களில் சந்தேகம் வந்தவர்கள் 9/10. சந்தேகம் வந்தவர்களில் நோய் உள்ளவர்கள் 9/98. கோட்டுக்கு மேலே இரண்டிலும் அதே 9. கோட்டுக்குக் கீழே உள்ள எண்தான் வேறு. அந்தச் சித்தப்பா படித்தது முதல் பின்னம். அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது இரண்டாம் பின்னம். "கைப்பந்து அணியில் இருப்பவர்கள் எல்லோரும் உயரமானவர்கள். அதற்காக, உயரமானவர்கள் எல்லோரும் கைப்பந்து அணியிலா இருக்கிறார்கள்?" என்று கேட்டதும் கடைசி வரிசைக்கும் புரிந்துவிட்டது.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன், இது மிக முக்கியம். பதினொன்றில் ஒன்று என்பது சிறிய எண் அல்ல. பரிசோதனைக்கு முன் 100 பேரில் ஒருவர் என்றிருந்த வாய்ப்பு இப்போது ஒன்பது மடங்காகியிருக்கிறது. ஆகவே மேல்பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். முதல் முடிவைக் கேட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுவதும் தவறு; அலட்சியமாக விட்டுவிடுவதும் தவறு. முதல் பரிசோதனையின் வேலை, ஆயிரம் பேரில் யாரை அடுத்துக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று 98 பேரைப் பிரித்துக் கொடுப்பதுதான்.

அன்று மாலை அந்த மாணவி தன் வரைபடத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவள் தாய்மாமன் துணையுடன் அம்மா மேல்பரிசோதனைக்குப் போனார். சாதாரணக் கட்டி, புற்றுநோய் அல்ல என்று முடிவு வந்தது. ஒருவேளை முடிவு வேறாக இருந்திருந்தாலும் எங்கள் கணக்கு பொய்யாகியிருக்காது. பதினொன்றில் ஒன்று என்றால் அந்த ஒருவரும் யாரோ ஒருவர்தானே. அப்போதும், அவர் போனது சரியான முடிவாகவே இருந்திருக்கும். அவர்கள் இருவரின் சம்மதத்துடன்தான், அடையாளங்களைத் தவிர்த்து, இதை எழுதுகிறேன்.

மருத்துவர்களுக்கும் அதே தடுமாற்றம்

என் தவறை எண்ணி நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் செய்த ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. மேலே சொன்ன அதே எண்களை, சதவீதங்களாகவே, மகளிர் நோய் மருத்துவர்கள் 160 பேரிடம் கொடுத்து, சந்தேகம் என்று முடிவு வந்த பெண்ணுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு என்ன என்று கேட்டிருக்கிறார். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம் பேர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருந்தால்கூட 25 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! பிறகு, சதவீதத்தை "ஆயிரம் பேரில் இத்தனை பேர்" என்று மாற்றிக் கணக்கிடக் கற்றுக்கொடுத்ததும் 87 சதவீதம் பேர் சரியான விடையைச் சொன்னார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் பேயீஸ் தேற்றம் என்று சூத்திரமாக வருவதை, ஆட்களை எண்ணும் கணக்காக மாற்றினால் ஏழாம் வகுப்பு மாணவரும் போட்டுவிடுவார். சதவீதத்தில் தடுமாறும் மனித மனம், தலைகளை எண்ணும்போது தெளிவாகிவிடுகிறது.

ஒரு வாட்ஸ்அப் செய்தியும் பழைய பாஸ்டன் நகரமும்

இந்த வகுப்புக்குப் பிறகு மாணவர்கள் தாங்களாகவே எண்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கோவிட் காலத்தில் தன் வீட்டுக்கு வந்த செய்தி ஒன்றை ஒரு மாணவன் நினைவுபடுத்தினான்: "ஆஸ்பத்திரியில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள். அப்படியானால் தடுப்பூசியால் என்ன பயன்?"

கற்பனையாக ஓர் ஊரை எடுத்தோம். மொத்தம் 1,000 பேர். 900 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 30 பேர். அவர்களில் போட்டவர்கள் 18, போடாதவர்கள் 12. செய்தி சொல்வது உண்மைதான்: 30இல் 18 என்றால் 60 சதவீதம். ஆனால் கோட்டுக்குக் கீழே 30ஐப் போடுவதா, 900ஐப் போடுவதா? போட்டவர்களில் 18/900, அதாவது 2 சதவீதம். போடாதவர்களில் 12/100, அதாவது 12 சதவீதம். ஆபத்து ஆறு மடங்கு வேறுபடுகிறது. செய்தியில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. கீழே இருக்க வேண்டிய எண் மட்டும் விடுபட்டிருக்கிறது.

இந்தச் சண்டை புதிதல்ல என்பதைக் காட்ட, 1721ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவிய கதையைச் சொன்னேன். தடுப்பூசி கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஸாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர், அம்மைக் கொப்புளத்தின் சீழை எடுத்து நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைக்கும் முறையைக் கையாண்டார். இலேசாக அம்மை கண்டு, பிறகு வராமலேயே போய்விடும். ஊர் கொதித்தது. "அவர் கைவைத்தவர்களில் 6 பேர் செத்துவிட்டார்கள்" என்றது. உண்மைதான், 6 பேர் இறந்தார்கள். ஆனால் அவர் அம்மை குத்தியது ஏறத்தாழ 240 பேருக்கு. அதே நகரில் தானாக அம்மை கண்டவர்கள் ஏறத்தாழ 5,900 பேர், இறந்தவர்கள் 844. முன்னதில் 40 பேரில் ஒருவர். பின்னதில் 7 பேரில் ஒருவர். பாய்ல்ஸ்டன் இந்தக் கணக்கை எழுதி 1726இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் பயன்படுத்தியது, ஆறாம் வகுப்பில் நாம் நடத்தும் வகுத்தல்தான்.

யாரைக் கேட்டார்கள்?

பின்னத்தில் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் சொல்லித் தருகிறோம். தேர்தல் நேரத்தில் தொகுதி என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கும். பகுதியைத்தான் யாரும் பேசுவதில்லை என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். கட்சி எதையும் தொடாமலேயே அரசியல் கணக்கைக் கற்பிக்க முடியும். அதற்கு நல்ல உதாரணம் 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல்.

லிட்டரரி டைஜஸ்ட் என்ற புகழ்பெற்ற வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. சுமார் 24 லட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, ஆல்ஃபிரட் லாண்டன் 57 சதவீத வாக்குகளுடன் வெல்வார் என்று அறிவித்தது. நடந்தது என்ன? ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குகள் பெற்று, அப்போதிருந்த 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

24 லட்சம் எப்படி 50,000-இடம் தோற்றது? இதழ் முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் தன் சந்தாதாரர்களிடமிருந்தும். கடுமையான பொருளாதார மந்தம் நிலவிய காலம். தொலைபேசியும் காரும் வசதியானவர்களிடமே இருந்தன. தவிர, சீட்டைத் திருப்பி அனுப்பியவர் நான்கில் ஒருவர்தான். கோட்டுக்குக் கீழே 24 லட்சம் என்ற பெரிய எண் இருந்தது. ஆனால் அந்த எண் நாட்டைக் குறிக்கவில்லை. கீழே எத்தனை பேர் என்பதோடு, கீழே யார் என்றும் கேட்க வேண்டும்.

இதை எங்கள் பள்ளியிலேயே சோதித்தோம். மாணவர் தலைவர் தேர்தலில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். ஒரு குழு, மாலையில் விளையாட்டுத் திடலில் இருந்த 80 பேரைக் கேட்டது. 56 பேர், அதாவது 70 சதவீதம், விளையாட்டில் சிறந்த மாணவனையே சொன்னார்கள். இன்னொரு குழு, வருகைப் பதிவேடுகளில் ஒவ்வொரு பத்தாவது பெயராக எடுத்து 31 பேரைக் கேட்டது. 13 பேர், 42 சதவீதம், அவன் பெயரைச் சொன்னார்கள். வாக்கு எண்ணியபோது பதிவான 296 வாக்குகளில் அவனுக்குக் கிடைத்தவை 129, ஏறத்தாழ 44 சதவீதம். பதிவேட்டுக் குழு வென்றது. கொஞ்சம் அதிர்ஷ்டமும் அதற்கு உதவியது என்பதையும் சொன்னேன். 31 பேரை வைத்துச் செய்யும் கணிப்பு பத்துப் பதினைந்து சதவீதம் தவறியிருக்கவும் கூடும்.

முடிவு வந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "பாதிக்குக் கீழேதானே டீச்சர் வாங்கியிருக்கான், எப்படி ஜெயிச்சான்?" குடிமையியல் பாடத்தில் வரும் கேள்வி கணித வகுப்பில் தானாகப் பிறந்தது. மற்ற இருவரையும்விட அதிகம் பெற்றதால் வென்றான். நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களும் இப்படித்தான் நடக்கின்றன. பதிவான வாக்குகளால் வகுத்தால் 44 சதவீதம். பள்ளியின் மொத்த மாணவர் 312ஆல் வகுத்தால் 41 சதவீதம். இரண்டும் சரியான எண்கள். யார் எதைச் சொல்கிறார்கள் என்று கவனிக்கப் பழக வேண்டும்.

என் வகுப்பின் கணக்கு

மற்றவர்களின் எண்களைச் சோதித்தது போதும், என் எண்ணையும் சோதிப்போம் என்று தோன்றியது. வகுப்பில் எல்லோரையும் சமமாகக் கேள்வி கேட்கிறேன் என்பது என் நம்பிக்கை. யாராவது கேட்டிருந்தால் உறுதியாக அப்படித்தான் சொல்லியிருப்பேன். மாணவர்கள் அமரும் வரைபடத்தை நகலெடுத்துக் கொடுத்து, பாடவேளைக்கு இருவராக, நான் யாரைக் கேள்வி கேட்கிறேனோ அவர் பெயர் மேல் நேர்க்கோட்டுக் குறி போடச் சொன்னேன். ஐந்து நாட்கள், ஐந்து பாடவேளைகள், மொத்தம் 60 கேள்விகள்.

வகுப்பில் மாணவர்கள் 16 பேர், மாணவிகள் 24 பேர். மாணவர்களுக்குப் போன கேள்விகள் 38, மாணவிகளுக்கு 22. ஆளுக்கு எத்தனை என்று வகுத்தால் மாணவருக்கு 2.4, மாணவிக்கு 0.9. எண்ணுகிறார்கள் என்று தெரிந்திருந்தும் இப்படி! நான் ஒரு பெண். பெண் கல்வி பற்றி மேடையில் பேசுபவள். தாளைப் பார்த்தபோது முகம் சுருங்கிவிட்டது.

ஒரு சாக்கும் மனதில் எழுந்தது. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உயர்கல்விக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி என்று தோன்றியது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலான துறைகளில் அப்படி ஒரு பாகுபாடு தெரியவில்லை. சிலவற்றில் பெண்களுக்கே வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. பெண்கள் அதிகம் விண்ணப்பித்தவை, யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகள். மொத்தமாக வகுத்தால் ஒரு முடிவு, பிரித்து வகுத்தால் இன்னொரு முடிவு. என் வகுப்பிலும் அப்படி இருக்கலாமே? மாணவிகள் பலர் பின்வரிசைகளில் அமர்பவர்கள். நான் முன்வரிசையை அதிகம் கேட்பதால் இந்த வேறுபாடு வந்திருக்கலாம் அல்லவா?

மாணவர்களே பிரித்துப் பார்த்தார்கள். முன்வரிசைகளில் 8 மாணவர்களுக்கு 24 கேள்விகள், ஆளுக்கு 3. 6 மாணவிகளுக்கு 15 கேள்விகள், ஆளுக்கு 2.5. இங்கே வேறுபாடு குறைவு. என் சாக்கு பாதி உண்மை. பின்வரிசைகளில் 8 மாணவர்களுக்கு 14 கேள்விகள், ஆளுக்கு 1.75, 18 மாணவிகளுக்கு 7 கேள்விகள், ஆளுக்கு 0.4கூட இல்லை. மீதிப் பாதி உண்மையல்ல. அந்த 7 கேள்விகளும் 5 மாணவிகளுக்கே போயிருந்தன. 13 மாணவிகளின் பெயர் மேல் ஒரு கோடுகூட இல்லை. ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாளே, அந்த மாணவியின் பெயரும் அந்தப் பதின்மூன்றில் இருந்தது.

எல்லோரையும் கேட்பதாக நான் ஏன் நம்பினேன்? முன்வரிசையில் கையை உயர்த்தும் மாணவிகளின் பதில்கள் என் நினைவில் பளிச்சென்று இருந்தன. கேட்கப்படாதவர்கள் நினைவில் எப்படி இருப்பார்கள்? நடந்தது மனதில் தங்குகிறது; நடக்காதது தங்குவதில்லை. சாய்வு என்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்திலிருந்து பிறப்பதில்லை, எண்ணாமல் விட்டதிலிருந்து பிறக்கிறது. இதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒரு தாளில் போட்ட கோடுகள் சொல்லிவிட்டன.

அதன்பின் 40 பெயர்களையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டேன். கேள்விகளில் பாதியையாவது சீட்டெடுத்துக் கேட்கிறேன். கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகிறேன். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி காத்திருந்தால் பதில் சொல்வோர் கூடுகிறார்கள் என்றும் மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே எடுத்துக்காட்டினார். ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணியபோது, 60 கேள்விகளில் மாணவிகளுக்கு 34. ஒரு கேள்வியும் போகாத மாணவிகள் 2 பேர். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில்: "நேற்று நம் வகுப்பில் 3 பேர் வரவில்லை, பக்கத்து வகுப்பில் 4 பேர் வரவில்லை. எந்த வகுப்பில் வருகை குறைவு?" என்று கேளுங்கள். இரு வகுப்புகளிலும் மொத்தம் எத்தனை பேர் என்று குழந்தைகள் திருப்பிக் கேட்கும்வரை காத்திருங்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் முடிந்தது.

நடுநிலை வகுப்புகளில்: வாரம் ஒரு நாளிதழ்ச் செய்தியோ விளம்பரமோ கொண்டுவரச் சொல்லி, அதில் கோட்டுக்குக் கீழே உள்ள எண் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடச் செய்யலாம். "இருமடங்கு பலன்" என்றால் எதிலிருந்து இருமடங்கு? "பத்தில் எட்டுப் பேர் பரிந்துரை" என்றால் எந்தப் பத்துப் பேர்?

உயர்நிலை வகுப்புகளில்: ஆயிரம் கட்டப் படத்தை ஒவ்வொரு மாணவரும் தன் கையால் வரைய வேண்டும். பிறகு எண்களை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் ஆயிரத்தில் 10 பேருக்குப் பதில் 100 பேருக்கு இருந்தால் விடை என்ன ஆகும்? (90 பேர் சரியாகவும் 81 பேர் தவறாகவும் வட்டத்துக்குள் வருவார்கள், வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடும்.) அதே கருவிதான், அதே 90 சதவீதம்தான், விடை மட்டும் மாறுகிறது.

எல்லா ஆசிரியர்களும்: எந்தப் பாடம் நடத்துபவராக இருந்தாலும், ஒரு வாரம் உங்கள் கேள்விகளை மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். முடிவை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். எண்கள் நமக்கு எதிராக வரும்போது நாம் நடந்துகொள்ளும் விதத்தையும் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

தேர்ச்சி விகிதக் கூட்டங்களிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 8 பேர் எழுதி 8 பேரும் தேர்ச்சி பெற்றால் 100 சதவீதம். 150 பேர் எழுதி 138 பேர் தேர்ச்சி பெற்றால் 92 சதவீதம். சிறிய பள்ளியில் ஒரே ஒரு மாணவர் தவறினால் விகிதம் 87.5க்கு இறங்கிவிடும். எட்டுப் பேரின் விகிதத்தையும் நூற்றைம்பது பேரின் விகிதத்தையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைத்துப் பாராட்டுவதும் குறைசொல்வதும் எவ்வளவு சரி என்பதை நாமே யோசிக்க வேண்டும்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அக்கா கல்லூரிக்குப் போகிறார். போன மாதம் சீட்டெடுத்தபோது இவள் பெயர் வந்தது. சராசரி பற்றிய கணக்கு அது. எழுந்து நின்றாள், நான் மனதுக்குள் மூன்று எண்ணினேன், இரண்டாவதிலேயே பதில் வந்தது. பதில் அல்ல, எதிர்க்கேள்வி:

"டீச்சர், எத்தனை பேரோட சராசரின்னு நீங்க சொல்லவே இல்லையே?"

கணக்கில் அதை எழுத நான் மறந்துதான் போயிருந்தேன்.